மோட்டார் அடிக்கடி ட்ரிப் ஆகிறது, ரீசெட் செய்து ஓட்டலாமா? பழுதை எங்கிருந்து தேடுவது?

சேலம்–ஆத்தூர் சாலையில் ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் பராமரிப்பு வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அரவை மோட்டார் ஒவ்வொரு ஷிப்டிலும் பலமுறை ட்ரிப் ஆகிறது (தானாக அணைந்துவிடுகிறது), ‘ரீசெட் அழுத்தி ஓட்டு’ என்கிறார்கள், என்ன செய்வது என்று கேட்கிறீர்கள். காரணம் தெரியாமல் அந்தப் பொத்தானைத் தொடாதீர்கள். அதே வட்டாரத்தில் ஆலை எலக்ட்ரீஷியனாக வேலை பார்ப்பவன் என்ற முறையில் அழுத்தமாகவே சொல்கிறேன்.

அவர்களுடைய அவசரத்துக்கும் நியாயம் இருக்கிறது. மரவள்ளிக் கிழங்கு மண்ணைவிட்டு வெளியே வந்த இரண்டு மூன்று நாட்களில் உள்ளே கறுக்கத் தொடங்கிவிடும். மாவின் வெண்மை போனால் விலையும் போகும். லாரிகள் வாசலில் நிற்கும்போது யாரும் மோட்டாரை நிறுத்த விரும்பமாட்டார்கள். ஆனால் நேரடி ஸ்டார்ட்டரில் ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் மோட்டார் வழக்கமான மின்னோட்டத்தைப்போல் ஆறு மடங்கு வரை இழுக்கிறது. ஏற்கெனவே சூடேறியிருக்கும் காயிலில் (மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுற்றில்) அந்தச் சூடும் சேர்கிறது. காப்புப் பூச்சு தாங்கும் அளவுக்கு மேல் போகும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அதன் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். காயில் எரிந்தால், கழற்றிக் கொண்டுபோய்க் கட்டி வரும் வரை அரவையே கிடையாது. முதலாளியிடம் பேசும்போது இந்தக் கணக்கைச் சொல்லுங்கள், காதில் ஏறும்.

முதல் வேலை, டாங் டெஸ்டரை (கம்பியைச் சுற்றிக் கவ்வி மின்னோட்டம் அளக்கும் மீட்டரை) எடுத்து ஓடும் மோட்டாரின் மூன்று ஃபேஸ்களிலும் ஆம்பியர் பார்ப்பது. மூன்றும் ஒரே அளவில், ஆனால் மோட்டார் தகட்டில் எழுதியதைவிட அதிகமாக இருந்தால், இயந்திரத்தில் சுமை கூடியிருக்கிறது அல்லது மின்னழுத்தம் குறைந்திருக்கிறது. ஒன்று மட்டும் விலகி நின்றால் மின்பக்கம் தேடுங்கள்: தளர்ந்த டெர்மினல், கருகிய காண்டாக்டர் (ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் மின்காந்தச் சுவிட்ச்) முனை, சரியாக உட்காராத ஃபியூஸ். மின்னழுத்தத்தில் 1 சதவீத ஏற்றத்தாழ்வு இருந்தாலே மின்னோட்டத்தில் அது பல மடங்காகத் தெரியும். ஒரு ஃபேஸ் முழுவதும் போய்விட்டால், ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் உடனே நிற்காது. உறுமிக்கொண்டே மற்ற இரண்டு ஃபேஸ்களில் சுமார் 1.7 மடங்கு இழுத்துக்கொண்டு ஓடும். எரிந்த காயிலைப் பிரிக்கும்போது நீங்களும் கூட இருந்து பாருங்கள். ஸ்டார் இணைப்பில் (மூன்று காயில்களின் ஒரு முனை ஒன்றாகச் சேர்வது) இரண்டு ஃபேஸ் காயில்கள் கருகி ஒன்று புதிதுபோல் இருந்தாலும், டெல்டா இணைப்பில் (மூன்றும் முக்கோணமாகச் சேர்வது) ஒன்று மட்டும் கருகி இரண்டு நன்றாக இருந்தாலும், ஒரு ஃபேஸ் போனதுதான் காரணம். அதைச் சரிசெய்யாமல் காயில் கட்டிப் பொருத்தினால் அடுத்ததும் எரியும்.

மின்னோட்டம் கூடினால் மோட்டாரை அணைக்கும் ஓவர்லோடு ரிலேயையும் சந்தேகப்படுங்கள். ஸ்டாரில் கிளப்பி டெல்டாவுக்கு மாற்றும் ஸ்டார்–டெல்டா ஸ்டார்ட்டரில் ரிலே எந்த இடத்தில் இணைக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது டெல்டாவுக்குள், காயிலோடு தொடராக இருக்கும். அப்படியானால் தகட்டில் உள்ள ஆம்பியரில் 58 சதவீதம்தான் வைக்க வேண்டும். 20 குதிரைத்திறன் மோட்டார் 415 வோல்ட்டில் சுமார் 28 ஆம்பியர் எடுக்கும், ரிலே 16 ஆம்பியரில் நிற்க வேண்டும். விவரம் தெரியாமல் 28-இல் திருப்பி வைத்துவிட்டால் ரிலே இருந்தும் இல்லாததுபோல்தான். மாறாக, அது நேர் லைனில் இருந்து 16-இல் வைத்திருந்தால் ஒரு பழுதும் இல்லாமலே ட்ரிப் ஆகும். உங்கள் தொல்லை இதனாலும் வரலாம்.

அடுத்து மெயினை அணைத்து, பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரைத் தனியாகவும் அரவை டிரம்மைத் தனியாகவும் கையால் சுற்றிப் பாருங்கள். எது இறுக்கமாக இருக்கிறதோ அங்கே பழுது. டிரம்மில் பெரும்பாலும் கிழங்கோடு வந்த கல், இறுகிய திப்பி (கிழங்குச் சக்கை), அல்லது பேரிங். பேரிங்கைக் கழற்றினால் குப்பையில் எறியாதீர்கள். நம் ஆலைகளில் நான் பார்க்கும் பெரிய குறையே இதுதான்: புதிய பேரிங் மாட்டியதும் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். பழையதைப் பிரித்துத் துடைத்துப் பார்த்தால் அது ஏன் போனது என்று தெரியும். செந்துரு இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, சீல் சரியில்லை. உருளும் தடம் சாய்ந்து ஓடியிருந்தால் ஷாஃப்ட்டோ புல்லியோ நேராக இல்லை. புல்லிப் பக்கத்துப் பேரிங் மட்டும் அடிக்கடி போனால் பெல்ட் அளவுக்கு மீறி இறுக்கப்பட்டிருக்கிறது. நீலம் பாய்ந்திருந்தால் சூடு. கிரீஸ் குறைந்தாலும் சூடேறும், திணித்து அடைத்தாலும் சூடேறும்.

சேகோ ஆலைக்கென்றே உள்ள இன்னொரு எதிரி தண்ணீர். ஷிப்ட் முடிவில் ஹோஸ் பிடித்து மோட்டாரோடு சேர்த்துக் கழுவுகிறார்கள். டெர்மினல் பெட்டியின் கேபிள் நுழையும் துளை அடைக்கப்படாமல் இருந்தால் அந்தத் தண்ணீர் உள்ளேதான் போகும். ஐப்பசி மழையில் சில நாள் நின்ற மோட்டாரைக் கிளப்பும் முன் 500 வோல்ட் மெக்கர் (காயிலின் காப்பை அளக்கும் மீட்டர்) வைத்துப் பாருங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் உலர்த்தாமல் ஓட்டக்கூடாது. மாவு சலிக்கும் பகுதியில் இதற்கு நேர்மாறான தொல்லை: மோட்டார் விலாவில் மாவு படிந்து காற்று போகாமல் சூடேறும். காற்றில் மிதக்கும் மாவுத்தூசி தீப்பொறி பட்டால் வெடிக்கவும் கூடியது. அங்கே காற்றடித்துச் சுத்தம் செய்யாமல் துடைத்தோ உறிஞ்சியோ எடுக்கச் சொல்லுங்கள்.

இதற்கெல்லாம் முன்பு, கிழங்கு தள்ளும் அக்காக்களிடம் கேளுங்கள். இதை எந்த மீட்டரைவிடவும் நம்புகிறேன். நாள் முழுவதும் அந்தச் சத்தத்துக்குள் நிற்பவர்கள் அவர்கள். ‘மோட்டார் என்ன ஆச்சு?’ என்று கேட்டால் ‘தெரியாது தம்பி’ என்றுதான் பதில் வரும். ‘நேற்றுக்கும் இன்றைக்கும் சத்தத்தில் என்ன வித்தியாசம் அக்கா? எந்த லாரிக் கிழங்கு போட்டபோது நின்றது? கழுவியதற்கு முன்பா, பின்பா?’ என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பழுது அங்கேயே பிடிபடும். சொன்னவர்களைத் திட்டிய ஆலையில் அடுத்த முறை யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

கை வைக்கும் முன் மெயினை அணைத்து, ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள் அல்லது பூட்டுப் போட்டுச் சாவியை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு டெஸ்டர் வைத்து மின்சாரம் இல்லை என்பதை உறுதிசெய்யுங்கள். ‘வேலை நடக்கிறது’ என்று அட்டை தொங்கவிட்டால் மட்டும் போதாது. ஷிப்ட் மாறி வருபவர் கவனிக்காமல் சுவிட்சைப் போட்டுவிடுவார். பெல்ட்டுக்குக் காப்பு வேலி இருக்க வேண்டும் என்பது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே, 21ஆம் பிரிவில் சொல்லப்பட்டது. பழுது பார்க்கக் கழற்றிய வேலியைத் திரும்ப மாட்டாமல் ஓட்டவிடாதீர்கள். கழிவுநீர்த் தொட்டியில் உள்ள பம்ப் நின்றுவிட்டால் யார் சொன்னாலும் உள்ளே இறங்காதீர்கள். புளித்த கழிவிலிருந்து எழும் நச்சு வாயு ஒருவரையும், அவரைத் தூக்க இறங்கும் இன்னொருவரையும் சேர்த்துக் கொல்லும். பம்பைச் சங்கிலியால் மேலே இழுத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஷிப்ட் நோட்டு ஒன்று போடுங்கள். ட்ரிப் ஆன நேரம், மூன்று ஃபேஸ் ஆம்பியர், மின்னழுத்தம், அப்போது அரவையில் என்ன நடந்தது, இவ்வளவு போதும். ஒரு வாரம் எழுதினால், மாலையில் மின்னழுத்தம் இறங்கும்போது மட்டும் நிற்கிறதா, கல் கலந்த லோடு வரும்போது மட்டும் நிற்கிறதா என்பது தெரிந்துவிடும். மோட்டார் தகட்டில் உள்ள விவரம், ரிலே இணைப்பு, இந்த அளவுகள் மூன்றையும் இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.