தடைக்காலமும் சந்தாக் கணக்கும்: ராமநாதபுரம் கடற்கரைத் தொழிலாளர் கேள்வி-பதில்

குறைந்த கூலிக்காரருக்கு உரிய பணம் பெரும்பாலும் தகுதி இல்லாமல் போவதில்லை. தேதியிலும் பெயரிலும்தான் சிக்கிக்கொள்கிறது. நம் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல், மே மாதத்துச் சிக்கல்கள் தனி ரகம். வந்த கேள்விகளில் சில இங்கே.

மண்டபம் பக்கம் நண்டு கம்பெனியில் கிலோ கணக்கில் சதை எடுக்கிறேன். மாதாமாதம் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கிறார்கள். பிப்ரவரியில் மஞ்சள் காமாலை வந்து மூன்று வாரம் படுத்துவிட்டேன். உதவித்தொகை கேட்டால் "நாள் போதாது" என்கிறார்கள். பிடித்த காசு என்னாச்சு?

காசு போய்ச் சேர்ந்திருக்கும். நாள்கணக்கில்தான் அடிபட்டிருக்கிறீர்கள். ஜனவரி முதல் ஜூன் வரை வரும் நோய்க்கு, அதற்கு முந்தைய ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரையிலான சந்தாவைத்தான் (இ.எஸ்.ஐ.-க்குக் கட்டிய பணம்) பார்ப்பார்கள். அந்த ஆறு மாதத்தில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா இருக்க வேண்டும்.

இப்போது கணக்குப் போடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடை. கம்பெனியும் அப்போது மூடினால் மிச்சம் 122 நாள். சம்பளமில்லாத ஞாயிறுகளைக் கழித்தால் 105 சொச்சம். ஊர்த் திருவிழா, கல்யாணம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு மாதத்துக்கு மேல் விட்டாலே 78 கைநழுவிவிடும். ஜூலை முதல் டிசம்பர் வரை வரும் நோய்க்கு அக்டோபர்-மார்ச் சந்தாவைப் பார்ப்பதால் இந்தச் சிக்கல் அவ்வளவாக வராது.

நீங்கள் செய்ய வேண்டியது: உமங் என்ற அரசுச் செயலியில் இ.எஸ்.ஐ. பகுதிக்குப் போய், மாதவாரியாக எத்தனை நாள் என்று கம்பெனி ஏற்றியிருப்பதைப் பாருங்கள். கிலோ கூலிக்காரருக்குச் சில இடங்களில் மொத்தக் கூலியை ஒரு நாள் சம்பளத்தால் வகுத்து, வருவதை "வேலை நாள்" என்று போட்டுவிடுவார்கள். 22 நாள் வந்தவருக்கு 14 நாள் ஏறியிருக்கும். அது தவறு. வந்த நாள்தான் கணக்கு. வருகைப் பதிவேட்டைக் காட்டித் திருத்தச் சொல்லுங்கள். மறுத்தால் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள்.

தகுதி இருந்தால் சராசரி நாள் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். முதல் இரண்டு நாளுக்குப் பணம் இல்லை. தனியார் டாக்டர் சீட்டு மட்டும் போதாது, இ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்று வேண்டும். கத்தி கிழித்தது, வழுக்கி விழுந்தது போன்ற வேலைக் காயத்துக்கு 78 நாள் விதியே கிடையாது. முதல் நாள் வேலைக்காரருக்கும் 90 சதவீதம் உண்டு. அன்றைக்கே விபத்துப் பதிவேட்டில் எழுத வையுங்கள்.

பாம்பனில் ஐஸ் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். தடைக்காலத்தில் ஆட்களை நிறுத்திவிட்டு, ஜூனில் திரும்பச் சேர்க்கிறோம். பி.எஃப்.-பில் ஒவ்வொரு வருஷமும் "எக்சிட்" (வேலையை விட்டார் என்ற பதிவு) போட்டுப் புது நம்பர் எடுப்பதுதான் வழக்கம். ஆட்களும் அந்தப் பணத்தை எடுத்துச் செலவு செய்துவிடுகிறார்கள். இது சரியா?

அவர்களுக்கு இதைவிடப் பெரிய நஷ்டம் வேறில்லை. 10,000 ரூபாய் சம்பளத்துக்கு முதலாளி கட்டும் 1,200 ரூபாயில் 833 பென்ஷனுக்குப் போகிறது. 10 ஆண்டுச் சேவை சேர்ந்தால்தான் 58 வயதில் மாத ஓய்வூதியம். வருஷா வருஷம் 10சி படிவம் போட்டு அந்தப் பென்ஷன் பணத்தை எடுப்பவருக்குச் சேவை மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். இருபது வருஷம் ஐஸ் உடைத்தவர் பென்ஷன் இல்லாமல் நிற்பது இப்படித்தான்.

ஜூனில் திரும்ப எடுக்கப்போகிற ஆளுக்கு எக்சிட் போடாதீர்கள். பி.எஃப்.-புக்கு மாதாமாதம் ஏற்றும் இ.சி.ஆர். கணக்குக் கோப்பில் "என்.சி.பி. நாட்கள்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. சம்பளமில்லாத நாளைக் காட்டவே அது. ஏப்ரலுக்கு 16, மேக்கு 31, ஜூனுக்கு 14 என்று போடுங்கள். வேலைத் தொடர்ச்சி அறாது. பி.எஃப்.-போடு சேர்ந்து வரும் இறப்புக் காப்பீட்டுக்கு இது உயிர்நாடி. இறப்பதற்கு முந்தைய 12 மாதம் தொடர்ந்து வேலையில் இருந்தவரின் குடும்பத்துக்குக் குறைந்தது 2.5 லட்சம், அதிகபட்சம் 7 லட்சம். இதற்குத் தொழிலாளியிடம் ஒரு பைசா பிடிப்பதில்லை, அதனாலேயே பாதிப் பேருக்கு இப்படி ஒன்று இருப்பது தெரியாது. நீங்கள் எக்சிட் போட்ட மே மாதத்தில் ஒருவர் இறந்தால், அவர் மனைவி இந்தப் பணத்துக்கு அலைவார்.

ஏற்கெனவே இரண்டு மூன்று யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர் எண்) உள்ளவர்களுக்கு, இப்போது ஓடும் எண்ணுக்குப் பழையதை ஆன்லைனில் மாற்றக் கோருங்கள். அதற்கு முன் பெயரைப் பாருங்கள். ஆதாரில் "மு. முனியசாமி", பானில் அப்பா பெயர் விரித்து எழுதியது, பி.எஃப்.-பில் வெறும் "முனியசாமி" என்றிருந்தால் விண்ணப்பம் திரும்பிவிடும். முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து கொடுக்கும் கூட்டு உறுதிமொழி வழியாக ஆதாரில் உள்ளபடி திருத்திய பிறகே அடுத்த வேலை.

தங்கச்சிமடத்தில் சொந்தமாக ஒரு மினி வேன். மீன் ஏற்றுமதி கம்பெனிக்கு லோடு அடிக்கிறேன். வாடகையில் 1 சதவீதம் வரி என்று பிடிக்கிறார்கள். எனக்கு வரி கட்டுகிற வருமானமா இருக்கிறது?

இருக்க வாய்ப்பில்லை. பத்து வண்டிக்கு மேல் இல்லாதவர், பான் எண்ணோடு அதை எழுதிக் கொடுத்தால் கம்பெனி டி.டி.எஸ். (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வரி) பிடிக்கத் தேவையே இல்லை. ஒவ்வொரு நிதியாண்டும் ஏப்ரலில் அந்த உறுதிமொழியைக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

பிடித்துவிட்டதைத் திரும்பப் பெற வருமான வரி ரிட்டர்ன் போட வேண்டும். 12 டன்னுக்கு மேல் போகாத வண்டிக்கு மாதம் 7,500 ரூபாய் என்று உத்தேச வருமானம் காட்டும் வழி உண்டு. உண்மையில் அதைவிட அதிகம் சம்பாதித்திருந்தால் அதைக் காட்ட வேண்டும். படிவம் ஐ.டி.ஆர்.-4. போடுவதற்கு முன் 26ஏ.எஸ். படிவத்தில் பிடித்த தொகை உங்கள் பானில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறாவிட்டால் கம்பெனிதான் திருத்த வேண்டும். கடைசித் தேதிக்குள் போட்டுவிடுங்கள். தவறினால் டிசம்பர் 31 வரை போடலாம். வருமானம் விலக்கு வரம்புக்குள் இருந்தால் தாமதக் கட்டணம் இல்லை. போட்ட 30 நாளுக்குள் ஆதார் ஓ.டி.பி. மூலம் உறுதி செய்யாவிட்டால் போட்டதாகவே கணக்கில்லை.

பான்-ஆதார் இணைக்கவில்லை என்றால் 1 சதவீதம் 20 ஆகிவிடும். 1,000 ரூபாய் கட்டி இணைப்பது லாபம்.

கணவர் ரீஃபண்டுக்காக ரிட்டர்ன் போட்டால் என் மகளிர் உரிமைத் தொகை 1,000 நின்றுவிடுமா? (தொண்டி)

ரிட்டர்ன் போட்டதற்காக மட்டும் நிற்காது. ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்கு மேல் ஈட்டி, வருமான வரியும் கட்டுகிறவர் குடும்பத்தில் இருந்தால்தான் அந்த விலக்கு. ஆனால் குடும்ப வருமானமே 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பது தனி நிபந்தனை. வங்கிக் கடனுக்காக ரிட்டர்னில் வருமானத்தை ஏற்றிக் காட்டும் பழக்கம் இருந்தால் இங்கே வந்து கடிக்கும். நிறுத்தினால் 30 நாளுக்குள் இ-சேவை வழியாகக் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம்.

வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை. இ-ஷ்ரம் அட்டையில் யு.ஏ.என். இருக்கிறது. அதில் பி.எஃப். பணம் காட்ட மாட்டேன் என்கிறதே?

அது வேறு, இது வேறு. இரண்டுமே 12 இலக்க எண், இரண்டுக்கும் அதே பெயர் என்பதால் வரும் குழப்பம். இ-ஷ்ரம் என்பது அமைப்புசாராத் தொழிலாளருக்கான பதிவு மட்டும், அதில் பணம் சேராது. சம்பளத்தில் பி.எஃப். பிடிக்கிறார்களா என்பதைச் சம்பளச் சீட்டில் பாருங்கள்.

உப்பு வாராத மழை மாதங்களுக்கு அரசு தரும் 5,000 ரூபாய் நிவாரணத்துக்கு இ-ஷ்ரம் போதாது. தமிழ்நாடு அமைப்புசாரா நல வாரியப் பதிவு வேண்டும், அதிலும் தொழில் "உப்பளத் தொழிலாளி" என்று இருக்க வேண்டும். "கூலி" என்று பதிந்திருந்தால் உடனே மாற்றுங்கள். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க மறக்காதீர்கள்.

வங்கியில் 436 ரூபாய் காப்பீடு போட்டிருந்தேன். இந்த வருஷம் பிடிக்கவே இல்லை. (ராமேசுவரம்)

அது பிரதமரின் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடு. அந்தப் பணம் எடுக்கப்படுவது மே மாதக் கடைசி வாரம், தடைக்காலத்தின் நட்ட நடுவில். கணக்கில் இருப்பு இல்லாவிட்டால் ஜூன் 1 முதல் காப்பீடு இல்லை. திரும்பச் சேரலாம், ஆனால் முதல் 30 நாளுக்கு விபத்துச் சாவு தவிர வேறெதற்கும் பணம் வராது. 20 ரூபாய் விபத்துக் காப்பீடும் அதே வாரத்தில்தான் பிடிக்கப்படும். ஏப்ரல் 14க்கு முன்பே 500 ரூபாயைக் கணக்கில் போட்டு வையுங்கள். அந்தக் கணக்கில் குழுக்கடன் தவணையும் போகிறதென்றால் 500 நிற்காது, தனிக் கணக்கு நல்லது.

பிரவுசிங் சென்டரில் எல்லாவற்றையும் அவர்களே பார்த்துத் தருகிறார்கள். கவனிக்க வேண்டியது ஏதும் உண்டா?

செல்போன் எண் கேட்கும் கட்டத்தில் உங்கள் எண்ணைப் போடச் சொல்லுங்கள். அவசரத்துக்குக் கடைக்காரர் தன் எண்ணைப் போட்டுவிடுவார், அப்புறம் ஒவ்வொரு ஓ.டி.பி.-க்கும் அவரைத் தேடி ஓட வேண்டும். வேலை முடிந்ததும் ஒப்புகைச் சீட்டை அச்செடுத்து வாங்குங்கள்.