எச்-1பி-யில் வேலை மாறினால் கிரீன் கார்டு வரிசை போய்விடுமா?

கேள்வி கேட்டவரின் நிலைமை இது. அமெரிக்காவில் எச்-1பி-யில், அதாவது கம்பெனி மனுப் போட்டு வாங்கும் தற்காலிக வேலை விசாவில், ஆறாவது வருடம். ஐ-140 (கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் மனு) ஒப்புதலாகி எட்டு மாதம் ஆகிறது. வேறு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. இப்போதைய மேனேஜரோ, "நீ போனால் ஐ-140-ஐ வாபஸ் வாங்கிவிடுவோம், உன் கிரீன் கார்டு அவ்வளவுதான்" என்கிறார். இதற்கு நடுவில் தை மாதம் மதுரையில் தங்கை கல்யாணம். பாஸ்போர்ட்டில் இருக்கும் விசா ஸ்டாம்ப் காலாவதியாகிவிட்டது. வேலை மாறலாமா? ஊருக்குப் போகலாமா?

மாறலாம். போகவும் செய்யலாம். எதை முதலில் செய்கிறீர்கள் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

நான் வக்கீல் இல்லை. 2010-இல் வந்து, 2014-இல் வரிசையில் சேர்ந்து, 2022-இல் அட்டையைக் கையில் வாங்கியவன். நடுவில் வேலை மாறினேன். அப்போது என் பழைய கம்பெனியும் இதே வசனத்தைத்தான் பேசியது. எனவே பட்டதைச் சொல்கிறேன். கையெழுத்துப் போடும் முன் ஒரு குடியேற்ற வக்கீலுக்குத் தனியாகக் காசு கொடுத்துப் பேசிவிடுங்கள். கம்பெனி வக்கீல் கம்பெனிக்குத்தான் முதலில் வக்கீல்.

இந்த விவகாரத்தில் எனக்குப் புரிய வெகுநாள் பிடித்த ஒன்று, எந்தக் காகிதம் யாருடையது என்பது. எச்-1பி மனு கம்பெனியுடையது. பெர்ம், அதாவது இந்த வேலைக்கு உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று தொழிலாளர் துறையில் வாங்கும் சான்று, அதுவும் கம்பெனியுடையது. ஐ-140-உம் கம்பெனி போடும் மனுதான், அதில் நீங்கள் பயனாளி மட்டும். கடைசியில் கிரீன் கார்டையே கேட்டுப் போடும் ஐ-485 ஒன்றுதான் உங்கள் சொந்த மனு. ஆனால் பெர்ம் போட்ட தேதி இருக்கிறதே, பிரையாரிட்டி டேட், அது ரேஷன் கடை டோக்கன் மாதிரி. டோக்கனை வாங்கிக் கொடுத்தது கம்பெனி. ஐ-140 ஒப்புதலானதும் அந்த எண் உங்களுடையது. நாளைக்கு வேறு கம்பெனி உங்களுக்காகப் புதிதாக ஐ-140 போட்டாலும் பழைய தேதியையே கேட்டு வாங்கலாம்.

மேனேஜர் சொல்லும் வாபஸ் விஷயம் பழைய கதை. 2017 ஜனவரி 17 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, ஐ-140 ஒப்புதலாகி 180 நாள் தாண்டிவிட்டால், கம்பெனி வாபஸ் வாங்கினாலும் அந்த ஒப்புதல் அதனாலேயே ரத்தாவதில்லை. அதை வைத்து எச்-1பி-யின் வழக்கமான ஆறு வருட வரம்பைத் தாண்டியும் நீட்டிப்பு வாங்கலாம். மோசடி, பொய்த் தகவல், பெர்மே ரத்தாவது, அரசுத் தரப்பில் நடந்த பெரிய தவறு என்று சில விதிவிலக்குகள் உண்டு. உங்களுக்கு எட்டு மாதம் ஆகிவிட்டது, 180 நாள் கடந்தாயிற்று. ஆறாவது வருடம் என்று பயப்படவும் வேண்டாம். ஒப்புதலான ஐ-140 இருந்து, வரிசையில் உங்கள் தேதி இன்னும் வரவில்லை என்றால், புதுக் கம்பெனி மூன்று வருட நீட்டிப்பு கேட்கலாம். 2000-ஆம் ஆண்டுச் சட்டம் அது.

என் விஷயத்தில் சொன்னபடியே வாபஸ் வாங்கினார்கள். 2017 கோடையில் ஒரு நாள் இணையத்தில் பழைய மனுவின் நிலையைப் பார்த்தேன், வாபஸ் கடிதத்தைப் பெற்றுக்கொண்டோம் என்று வாசகம் மாறியிருந்தது. அன்றிரவு தூங்கவில்லை. மனைவி மட்டும், "விதியில் என்ன எழுதியிருக்கிறதோ அதை இன்னொரு தடவை படிங்க" என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டாள். அவள் சொன்னதுதான் சரி. அடுத்த வருடம் புதுக் கம்பெனி போட்ட ஐ-140 ஒப்புதலாகி வந்தபோது, அதில் 2014 மார்ச் தேதியே இருந்தது.

ஒரு வேலையை மட்டும் இன்றே செய்யுங்கள். ஐ-140 ஒப்புதல் கடிதத்தின் நகல் உங்களிடம் இருக்கிறதா? பல கம்பெனிகள் ரசீது எண்ணைக்கூடத் தருவதில்லை. ராஜினாமாவுக்கு முன் நயமாகக் கேட்டு வாங்குங்கள். தரமாட்டேன் என்றால், நம்ம ஊர் ஆர்.டி.ஐ. போல இங்கேயும் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது, குடியேற்றத் துறையிடம் ஆன்லைனிலேயே கேட்கலாம். மாதங்கள் ஆகலாம், ஆனால் வரும். அப்புறம், பெர்ம் செலவைத் திருப்பிக் கொடு என்று யாராவது பில் நீட்டினால் மசியாதீர்கள். பெர்முக்கான வக்கீல் கட்டணமும் விளம்பரச் செலவும் முதலாளி தலையில்தான் என்று 2007 முதல் விதி. சில தேசி கன்சல்டன்சிகள் இதைக் காதில் போட்டுக்கொள்வதே இல்லை.

புதுக் கம்பெனியிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: பெர்ம் எப்போது ஆரம்பிப்பீர்கள்? தேதி உங்களோடு வரும். ஆனால் சம்பள நிர்ணயம், விளம்பரம், பெர்ம், ஐ-140 எல்லாவற்றையும் அவர்கள் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். ஒரு வருடம் கழித்துப் பார்க்கலாம் என்பார்கள். சரி என்று தலையாட்டாமல் மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வரிசை எவ்வளவு நீளம் என்று நீங்கள் கேட்கவில்லை, தெரிந்திருப்பீர்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வேலை அடிப்படையில் வருடத்துக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டு, எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்பது 1990-ஆம் ஆண்டுச் சட்டம் போட்ட கணக்கு. இபி-2 பிரிவில் (மேல்பட்டம் கேட்கும் வேலைகளுக்கானது) இந்தியாவுக்குக் கிடைப்பது அடிப்படைக் கணக்கில் சுமார் 2,800 தான், மனைவி மக்களையும் சேர்த்து. மற்ற நாடுகள் எடுக்காமல் மிச்சம் வைத்தால் கூடுதலாகக் கிடைக்கும். எந்தத் தேதிக்காரர்கள் வரை முறை வந்திருக்கிறது என்று மாதாமாதம் சொல்லும் விசா புல்லட்டினில், 2025 நடுவில் இபி-2 இந்தியா 2013 ஜனவரி 1-இல் நின்றுகொண்டிருந்தது.

ஆனால் இந்த வரிசை நேராக நகராது. கொரோனா சமயத்தில் தூதரகங்கள் மூடிக் கிடந்ததால் குடும்பப் பிரிவில் மிஞ்சியவை வேலைப் பிரிவுக்கு வந்தன. 2021 நிதியாண்டில் மொத்தம் 2,60,000-ஐத் தாண்டியது. 2020 அக்டோபரில் இபி-3-இல் (பட்டப்படிப்பு, திறன் வேலைகளுக்கான அடுத்த பிரிவு) 2015-க்கு முந்தைய தேதிக்காரர்கள் ஐ-485 போடலாம் என்று திறந்துவிட்டார்கள். இபி-2-இல் இருந்த நான் உள்பட ஆயிரக்கணக்கானோர் இபி-3-க்கு இறங்கிப் போட்டோம். பிறகு 2022 ஜூலையில் இபி-2 இந்தியா 2014 டிசம்பர் 1 வரை பாய்ந்தது. மறுபடி இபி-2-க்கு மாற்றிக் கேட்டு எழுதினோம், ஆகஸ்டில் அட்டை வந்தது. அக்டோபரில் பார்த்தால் தேதி 2012 ஏப்ரலுக்குப் பின்வாங்கியிருந்தது. என்னோடு ஒரே வாரத்தில் ஐ-485 போட்ட நண்பர் மாற்றக் கடிதம் எழுதத் தயங்கினார், இன்னும் காத்திருக்கிறார். கதவு திறக்கும்போது காகிதம் தயாராக இருக்க வேண்டும் என்று நான் எல்லோரிடமும் நச்சரிப்பது இதனால்தான்.

இப்போது கல்யாணப் பயணம். கம்பெனி மாற்றத்துக்கான டிரான்ஸ்ஃபர் மனு ஓடிக்கொண்டிருக்கும்போது விமானம் ஏறாதீர்கள். புதுக் கம்பெனி மனுப் போட்டதுமே அங்கே வேலைக்குச் சேரலாம் என்பது சட்டப்படி சரிதான், ஆனால் நீங்கள் வெளியே போக வேண்டியவர். பிரீமியத்தில் (கூடுதல் கட்டணம் கட்டிச் சீக்கிரம் பதில் வாங்கும் வழி) போடச் சொல்லுங்கள், 15 வேலை நாளில் பதில் வந்துவிடும். ஒப்புதல் வந்த பிறகு, அந்தப் புதுக் கடிதத்தோடு சென்னையில் ஸ்டாம்பிங் போங்கள். எல்லாம் அமெரிக்காவுக்குள் இருக்கும்போதே முடிய வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2025 செப்டம்பர் 19 அதிபர் பிரகடனம் புது எச்-1பி மனுக்களுக்குப் போட்ட ஒரு லட்சம் டாலர் கட்டணம், உள்ளே இருப்பவருக்குக் கம்பெனி மாற்றமும் நீட்டிப்பும் ஒப்புதலானால் பொருந்தாது, அதை வைத்து வெளியே போய் ஸ்டாம்ப் வாங்கி வந்தாலும் பொருந்தாது என்று அக்டோபரில் விளக்கம் கொடுத்தார்கள். இந்த விஷயங்கள் மாதத்துக்கு மாதம் மாறுகின்றன. டிக்கெட் எடுக்கும் வாரத்தில் வக்கீலிடம் மறுபடி கேளுங்கள்.

ஸ்டாம்பிங் நேர்காணலுக்கு நாள் கிடைப்பதும், கிடைத்த நாள் தங்குவதும் இப்போது பெரும்பாடு. 2025 டிசம்பர் 15 முதல் எச்-1பி காரர்கள், எச்-4 காரர்கள் (அவர்களின் துணைவரும் பிள்ளைகளும்) ஆகியோரின் சமூக ஊடகக் கணக்குகளையும் பார்க்க ஆரம்பித்தார்கள். அந்த மாதத்து நேர்காணல்கள் பல அடுத்த வருடத்துக்குப் போய்விட்டன, கல்யாணத்துக்கு வந்தவர்கள் ஊரிலேயே மாட்டிக்கொண்டார்கள். தாலி கட்டி முடிந்த மறுநாள் கிளம்புகிற மாதிரி லீவு போடாதீர்கள். ஊரிலிருந்து சில வாரம் வேலை பார்க்க முடியுமா என்று புது மேனேஜரிடம் முன்கூட்டியே பேசுங்கள்.

திரும்பி வந்து இறங்கியதும் ஐ-94-ஐப் பாருங்கள். விசா ஸ்டாம்ப் என்பது வாசலில் காட்டும் சீட்டு மட்டும். உள்ளே எவ்வளவு நாள் இருக்கலாம் என்பதைச் சொல்வது ஐ-94. உள்ளே இருக்கும்போது ஸ்டாம்ப் காலாவதியானால் ஒன்றும் இல்லை, ஐ-94 காலாவதியானால் எல்லாம் போச்சு. முன்பு இதை வெள்ளைத் துண்டுச் சீட்டாகப் பாஸ்போர்ட்டில் சேர்த்து அடிப்பார்கள், கண்ணில் படும். 2013-இலிருந்து விமானத்தில் வருபவர்களுக்கு எல்லாம் இணையத்தில்தான். 2014 டிசம்பரில் ஊருக்குப் போய்த் திரும்பியபோது என் பாஸ்போர்ட் முடிய ஐந்து மாதம் இருந்தது. எச்-1பி 2016 வரை இருந்தும், விமான நிலைய அதிகாரி பாஸ்போர்ட் முடியும் தேதியையே ஐ-94-இல் போட்டுவிட்டார். அதுதான் அவர்கள் வழக்கம், தவறே இல்லை. எனக்குத்தான் தெரியவில்லை. டிரைவிங் லைசென்ஸ் புதுப்பிக்கப் போன இடத்தில், கவுன்டரில் இருந்த அம்மா திரையைப் பார்த்து, "உங்களுக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது" என்றார். அவருக்கு நான் ஆயுசுக்கும் கடன்பட்டவன். ஹூஸ்டன் துணைத் தூதரகத்தில் அவசரமாகப் பாஸ்போர்ட் புதுப்பித்து, கடைசி வாரத்தில் நீட்டிப்பு மனுப் போட்டோம். ஐ-94 முடிந்தது தெரியாமலே 180 நாளுக்கு மேல் இருந்துவிட்டு வெளியே போனால் மூன்று வருடம் உள்ளே வர முடியாது, ஒரு வருடம் தாண்டினால் பத்து வருடம்.

கல்யாணம் ஆனவரா என்று நீங்கள் சொல்லவில்லை. ஆகியிருந்தால் துணைவர் எங்கே பிறந்தவர் என்று பாருங்கள். வரிசையில் நாடு என்பது குடியுரிமையை வைத்து அல்ல, பிறந்த இடத்தை வைத்து. கணவனோ மனைவியோ துபாயிலோ சிங்கப்பூரிலோ கொழும்பிலோ பிறந்தவராக இருந்தால், இந்திய பாஸ்போர்ட்டே வைத்திருந்தாலும் அந்த நாட்டு வரிசையில் இருவரும் போகலாம். பல வருடம் மிச்சம். பிள்ளை எங்கே பிறந்தது என்பது மட்டும் பெற்றோருக்கு உதவாது. இனிமேல்தான் வரன் பார்க்கிறார்கள் என்றால், ஜாதகத்தோடு பிறந்த ஊரையும் கேட்கச் சொல்லுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இன்னொன்று, கல்யாணம் உங்கள் கிரீன் கார்டு ஒப்புதலாவதற்கு முன் நடந்திருக்க வேண்டும். பின்னால் நடந்தால் துணைவருக்குத் தனி வரிசை.

லே-ஆஃப் பற்றி ஒரு வரி. வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் இங்கே இருக்கலாம், அதற்குள் ஐ-94 முடிந்தால் அதுவரைதான்.

மதுரைக்குப் போகிறீர்கள் அல்லவா, அங்கே ஒரு வேலையை முடித்துவிட்டு வாருங்கள். ஐ-485-க்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். நம் பக்கத்துப் பழைய சான்றிதழ்களில் குழந்தையின் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், அப்பா அம்மா பெயரும் 'ஆண்' என்பதும் மட்டும் இருக்கும். எனக்கு பாளையங்கோட்டையில் வாங்கியது அப்படித்தான். இனிஷியல் சங்கதி வேறு. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டிருந்ததால், விசாவில் என் பெயரே குடும்பப் பெயராகி, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்று வந்துவிட்டது. முதல் பெயர் தெரியாது என்று அர்த்தமாம். ஆபீஸில் இரண்டு வருடம் என்னை 'ஃப்னூ' என்றுதான் கூப்பிட்டார்கள்.

சான்றிதழில் பெயர் சேர்க்க முடிந்தால் சேர்த்துவிடுங்கள். எப்படியும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலோடு, நீங்கள் பிறந்தது நேரடியாகத் தெரிந்த இரண்டு பெரியவர்களிடம் பிரமாணப் பத்திரம் எழுதி நோட்டரி கையெழுத்தோடு வாங்கி வாருங்கள். எனக்கு அம்மாவும் பெரியப்பாவும் போட்டுக் கொடுத்தார்கள். பெரியப்பா, "நீ பிறந்ததுக்கு நான் சாட்சியா?" என்று சிரித்துக்கொண்டே ஒவ்வொரு பக்கத்திலும் பெயரை முழுசாக எழுதினார். 2019-இல் அவர் போய்விட்டார். அடுத்த வருடம் நான் ஐ-485 போட்டபோது அந்தக் கையெழுத்து ஃபைலில் இருந்தது.