ஆர்மோனியமும் ஒரு காலத்தில் விலக்கப்பட்டதுதான்

கேள்வி: எங்கள் ஆலயப் பாடகர் குழாமில் முப்பது ஆண்டுகளாக ஆர்மோனியம் வாசித்து வருகிறேன். என் பேரன் எந்நேரமும் லண்டனைச் சேர்ந்த 'லிபெரா' சிறுவர் குழுவின் பாடல்களையே கேட்கிறான். சிறுவர்களின் தூய குரலுக்குப் பின்னால் சின்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியை இழையவிட்டிருக்கிறார்கள். பாலில் தண்ணீர் கலக்கும் இந்த வேலையில் இளையவர்கள் எதைக் கண்டு மயங்குகிறார்கள்?
– வாசகர் ஒருவர், குருநகர்

பதில்: உங்கள் பேரனுக்கு நல்ல காது வாய்த்திருக்கிறது ஐயா. அதைத் திருத்தப் போகாதீர்கள்.

முதலில் உங்கள் ஆர்மோனியத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது 1840இல் பாரிஸில் காப்புரிமை பெற்ற இயந்திரம். நம் இசைக்கு ஒவ்வாத பெட்டி என்று அகில இந்திய வானொலி 1940இல் அதை விலக்கி வைத்தது. அந்தத் தடை தளர 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று திருப்பலிப் பாடலுக்கும் அதுதான் துணை, பஜனைக்கும் அதுதான் துணை. உங்கள் முப்பது ஆண்டு உழைப்பைப் பார்த்து ஒருவர் 'பாலில் தண்ணீர்' என்று சொன்னால் நான் உங்கள் பக்கம் நின்று சண்டை பிடிப்பேன். அதே நியாயம் சின்தசைசருக்கும் உண்டு. ஐரோப்பியப் பேராலயங்களின் பைப் ஓகன் மட்டும் என்ன? துருத்தியும் அடைப்பான்களும் நூற்றுக்கணக்கான குழாய்களும் சேர்ந்த பெரும் இயந்திரம்தானே. சிறுவர் குரலுக்குப் பக்கத்தில் இயந்திரம் நிற்பது நேற்றுத் தொடங்கிய வழக்கமன்று.

லிபெரா எங்கிருந்தோ வந்து குதித்த குழுவுமல்ல. தென் லண்டன் நோர்பரியிலுள்ள புனித பிலிப்பு ஆலயத்துப் பாடகர் குழாமிலிருந்து வளர்ந்தது. ஏறத்தாழ ஏழு வயதிலிருந்து பதினாறு வயது வரையான பையன்கள். அந்தச் சுற்றுவட்டாரத்துப் பாடசாலைகளில் படிக்கிறவர்கள். 2021இல் மறைந்த ரொபர்ட் பிரைஸ்மன் அவர்களைப் பயிற்றுவித்தார், அவர்களுக்காகவே பாடல்களை ஆக்கினார். 'லிபெரா' என்ற பெயரிலேயே 1999இல் இசைத்தட்டு வந்தது. இலத்தீன் வழிபாட்டு வரிகளையும் பழைய மெட்டுகளையும் எடுத்து அவர் புதிதாக நெய்தார். அவருடைய 'சாங்ட்டுஸ்' பாடலின் அடியில் ஓடுவது பழைய ஜெர்மானிய இசையமைப்பாளர் பாகெல்பெல்லின் 'கானன்' என்ற இசைப்படைப்பு.

இனி மயக்கத்துக்கு வருவோம். பயிற்சி பெற்ற சிறுவனின் குரலில் வளர்ந்தவர்களின் நடுக்கம் இல்லை. வரைகோல் வைத்துக் கீறியது போல நேராகப் போகும். அதன் பக்கத்தில் பியானோவை வைத்தால் ஒவ்வொரு சுரமும் தட்டலோடு பிறந்து உடனே தேயத் தொடங்குகிறது. சின்தசைசரின் நீண்ட ஒலிக்குத் தட்டல் இல்லை. பனி ஏறுவது போல மெல்ல எழும், மெல்ல அடங்கும். குரல் எங்கே முடிந்தது, கருவி எங்கே தொடங்கியது என்று காது தேடித் தோற்றுப்போகிறது. கல் மண்டபத்தில் பாடிய குரல் சில விநாடிகள் வளைவுகளில் தங்கி நிற்குமே, அந்தத் தங்குதலை ஒலிப்பதிவுக்கூடத்தில் கட்டித் தருகிறார்கள். சின்தசைசர் அங்கே பாடகனுக்குப் போட்டியாளன் அல்ல, அவன் நின்று பாடும் மண்டபம்.

இந்த இசை நம்மவர் காதுக்கு இத்தனை எளிதில் நெருங்குவதற்கு வேறொரு காரணமும் இருப்பதாக நினைக்கிறேன். சுருதியில்லாமல் நாம் பாடுவதில்லை. தேவாரம் தொடங்குமுன் சுருதி எழுந்து மண்டபத்தை நிறைக்கும். அதன் மேல்தான் குரல் வந்து அமரும். மேடைகளில் இன்று அந்தச் சுருதியைத் தருவதும் பெரும்பாலும் மின்னணுப் பெட்டிதான். ஆனால் நம் சுருதி அசையாது. லிபெராவின் பாடல்களில் சிறுவன் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, அடித்தளம் அவனுக்குக் கீழே மெல்ல நகர்கிறது. குரல் மாறவில்லை, அதன் நிறம் மட்டும் மாறுகிறது. பேரனிடம் ஹெட்போனை வாங்கி அந்த இடத்தைக் கேளுங்கள். அவன் மயங்கும் இடம் அதுவாகத்தான் இருக்கும். முதல் சுரத்துக்கு முன்னால் பையன்கள் மூச்சை உள்ளிழுக்கிறார்களே, அதையும் கவனியுங்கள்.

அந்தக் குரலுக்கு ஆயுளும் குறைவு. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் குரல்வளை வளரத் தொடங்குகிறது. குரல்நாண்கள் நீண்டு, தடித்து, குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி இறங்கிவிடுகிறது. பின்னாளில் பெரும் இசையமைப்பாளரான ஹைடன் சிறுவனாக வியன்னாவின் புனித ஸ்தேவான் பேராலயத்தில் பாடினார்; அவரை 1749இல், குரல் உடைந்துவிட்டதென்று வெளியே அனுப்பினார்கள். பாடுகிற பையனுக்கும் தெரியும், கேட்கிற நமக்கும் தெரியும், இந்தக் குரல் அடுத்த நத்தாருக்கு இருக்காது என்று.

இயந்திரமும் குரலுக்குத் துணை நிற்கும் என்பது எனக்குச் சிறுவயதிலேயே தெரிந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரி கிடைக்காது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து வானொலி கேட்ட காலம். ஒரு நத்தார் முன்னிரவு எட்டரை மணிக்குப் பக்கத்து வீட்டார் பி.பி.சி. உலக சேவையைப் பிடித்தார்கள். கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி ஆலயத்தில் 1918 முதல் நடந்துவரும் வழிபாடு. தொடக்கப் பாடலின் முதல் அடிகளை ஒரு பையன் தனியாகப் பாடுவான். யார் பாடுவதென்பதை அவர்களுக்குக் கடைசி நேரத்தில்தான் சொல்வார்களாம். திருநீறு பூசிய என் அப்பாதான் அன்று மிதியைச் சுற்றினார். கை சோர்ந்தால் குரல் மங்கும், அவர் மூச்சுப் பிடித்துச் சுற்றினால் மீண்டும் எழும். அந்தப் பாட்டு முடியும்வரை அவர் கை மாற்றவில்லை. இயந்திரம் குரலைக் கெடுக்கும் என்று என்னை நம்பவைப்பது கடினம் ஐயா.

ஆனால் உங்கள் கோபத்தில் ஒரு பங்கு உண்மை இருக்கிறது. அது போக வேண்டிய விலாசம் லண்டன் அல்ல. சென்ற மார்கழியில் இங்குள்ள ஓர் ஆலயத்தில் கரோல் கேட்கப் போயிருந்தேன். பத்து வயதுப் பையன் ஒருவன் முன்வரிசையில் நின்று கழுத்து நரம்பு புடைக்கப் பாடினான். அவன் வாய் அசைந்ததைத்தான் கண்டேன். அவன் தோளருகே ஆளுயரச் ஸ்பீக்கர். மின்னணு ஓகனில் தானியங்கித் தாளம் டமடமவென்று ஓடிக்கொண்டிருந்தது. மூன்று பாடல்களுக்கும் அதே தாளம். அந்தப் பிள்ளையை இரண்டு மாதம் பழக்கியிருப்பார்கள். அவன் குரலை ஒருவரும் கேட்கவில்லை. பிரைஸ்மன் தம் இயந்திரத்தைச் சிறுவனுக்குக் கீழே வைத்தார். நாம் தலைக்கு மேல் ஏற்றி வைக்கிறோம்.

முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவர் நீங்கள்; உங்கள் குழாமில் உங்கள் சொல் எடுபடும். வருகிற நத்தார் ஒத்திகையில் ஓகன் வாசிக்கும் தம்பியிடம் தாளத்தை நிறுத்தச் சொல்லுங்கள். மெல்லிய நீண்ட ஒலி ஒன்றை மட்டும், உங்கள் ஆர்மோனியத்தின் சத்தத்துக்கும் தாழ்வாக, பிடிக்கச் சொல்லுங்கள். முதல் வரியை உங்கள் பேரன் தனியாகப் பாடட்டும். எந்த நாள் என்று எழுதுங்கள், கேட்க வருகிறேன்.