தண்டையார்பேட்டை ராத்திரியும் டார்ட்மூர் ராத்திரியும்

போன இதழில் சைக்கிள் பயணம் பற்றி நான் நாலு வரி எழுதியதும் கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல இடமில்லை, வடசென்னைப் பக்கத்திலிருந்து வந்த நான்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: செப்டம்பரில் இங்கிலாந்தில் எக்ஸிடருக்கு எம்.எஸ்சி. படிக்கப் போகிறேன். பக்கத்திலேயே டார்ட்மூர் என்ற மேட்டுநிலத் தேசியப் பூங்கா இருக்கிறதாம். மவுன்டன் பைக்கில் தனியாகப் போய், ஒரு ராத்திரி கூடாரம் போட்டுத் தங்கிவிட்டு வர வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. யாராவது வந்து கிளப்பிவிடுவார்களா? சட்டப்படி சரியா?
– வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: சட்டப்படி சரிதான் தம்பி, ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. இங்கிலாந்தில் மற்ற இடங்களில் நிலத்துக்காரரைக் கேட்காமல் கூடாரம் போட முடியாது. டார்ட்மூரில் 1985ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, திறந்தவெளிப் பொழுதுபோக்குக்காகப் பொதுநிலத்துக்குள் (பெயர்தான் பொது, சொந்தக்காரர் உண்டு) மக்கள் வரலாம் என்கிறது. கூடாரம் போட்டுத் தூங்குவது அந்தப் பொழுதுபோக்கில் சேருமா என்று நிலம் வைத்திருப்பவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2023 ஜனவரியில் சேராது என்று தீர்ப்பு வந்தது, அதே வருஷம் ஜூலையில் மேல்முறையீட்டில் அது மாறியது, கடைசியில் 2025 மே 21 அன்று உச்ச நீதிமன்றம் சேரும் என்று ஒருமனதாகச் சொல்லி வழக்கை முடித்தது. தூங்குவதற்கான ஒரு துண்டு நிலத்துக்காக அத்தனை பேர் விடாமல் நின்றார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. அந்தச் சட்டம் நடந்து வருகிறவருக்கும் குதிரையில் வருகிறவருக்கும்தான் உரிமை தருகிறது. சைக்கிள் அதில் இல்லை. நீங்கள் ஓட்ட வேண்டியது சாலைகளிலும், ‘பிரைடில்வே’ என்று வரைபடத்தில் குறித்திருக்கும் குதிரைப் பாதைகளிலும், சைக்கிளுக்கு அனுமதித்த தடங்களிலும்தான். புல்வெளி கண்ணுக்கெட்டிய தூரம் காலியாகக் கிடக்கிறதே என்று அதில் இறக்கிவிடக் கூடாது. கூடாரத்துக்கும் கணக்கு இருக்கிறது: சாலையிலிருந்து 100 மீட்டராவது தள்ளி, கல்சுவர் போட்ட வயல்களுக்குள் போகாமல், பழங்காலக் கல் வட்டங்களின் மேல் போடாமல், ஒரே இடத்தில் இரண்டு ராத்திரிக்கு மேல் தங்காமல். நெருப்பு மூட்டவே கூடாது, சின்ன கேஸ் அடுப்பு போதும். எந்தப் பொதுநிலத்தில் தங்கலாம் என்று தேசியப் பூங்கா நிர்வாகமே வரைபடம் போட்டிருக்கிறது, கிளம்பும் முன் அதைப் பார்த்துவிடுங்கள். வடக்குப் பகுதியில் ராணுவத்தின் துப்பாக்கிப் பயிற்சிக் களங்கள் இருக்கின்றன. சுடும் நாளில் பகலில் சிவப்புக் கொடி ஏற்றுவார்கள், ராத்திரியில் சிவப்பு விளக்கு. கொடியைப் பார்த்தால் திரும்பிவிட வேண்டியதுதான், அங்கே யோசிக்க எதுவும் இல்லை.

நான் போனது ஒரு ஜூன் மாதம், அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது. எக்ஸிடரிலிருந்து ஓக்ஹாம்டனுக்கு 2021 நவம்பரில் மறுபடியும் தினசரி ரயில் விட்டார்கள், சைக்கிளை ஏற்றிக்கொள்ளலாம். அங்கிருந்து பழைய ரயில் தடத்தையே சைக்கிள் பாதையாக்கி லிட்ஃபோர்டு வரை சுமார் 18 கிலோமீட்டர் போட்டிருக்கிறார்கள். முதல் தடவைக்கு அந்தப் பாதையை நம்பிப் போகலாம். இன்னொரு பழைய ரயில் தடம் பிரின்ஸ்டவுன் பக்கம் கல்குவாரிகளைச் சுற்றிப் போகிறது. அதன் ஓரத்தில், லண்டன் பாலத்தை அகலப்படுத்த 1903 வாக்கில் செதுக்கி, கடைசியில் அனுப்பாமலே விட்ட கருங்கல் தாங்கிகள் இன்னமும் புல்லில் கிடக்கின்றன. உளி பட்ட வரிகள்கூட அழியவில்லை. சைக்கிளைச் சாய்த்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்துதான் அக்கா கட்டிக்கொடுத்த புளிசாதத்தைச் சாப்பிட்டேன்.

அப்புறம் பனிமூட்டம் வந்தது. எதிரே இருந்த பாறை மேடு தெரிந்தது, டியூப் மாற்றிவிட்டு நிமிர்ந்தேன், மேடு இல்லை. கால் மணி நேரத்தில் என் முன் சக்கரத்துக்கு அந்தப் பக்கம் எதுவுமே தெரியவில்லை. அதிலும் குறுக்கே ஒரு தடம் போவதுபோல் தெரிய, அதில் திருப்பினேன். பளிச்சென்று இளம்பச்சையாக ஒரு பாசி விரிப்பு. முன் சக்கரம் அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது. எண்ணூர் கழிமுகச் சேற்றில் கால் வைத்தவர்களுக்கு அந்த இழுப்பு தெரியும்: ஒரு காலைப் பிடுங்கினால் அடுத்தது இறங்கும். அந்த நிலம் முழுக்க ஆயிரக்கணக்கான வருஷமாகச் செடிகள் மட்காமல் சேர்ந்து, பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடித்து வைத்திருக்கிற கரிமண். எங்கே பச்சை ரொம்ப அழகாக இருக்கிறதோ அங்கே தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம். நான் சைக்கிளைப் படுக்கப்போட்டு, அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்து, வந்த வழியிலேயே இரண்டு கிலோமீட்டர் திரும்பினேன். போக நினைத்த இடத்துக்கு அன்றைக்குப் போகவில்லை. அதில் எனக்கு வருத்தமே இல்லை.

ராத்திரி ஒன்பதரைக்குத்தான் சூரியன் இறங்கியது. தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவன் நான், கூட்ஸ் வண்டி கோக்கிற சத்தமும் கன்டெய்னர் லாரி ஹார்னும் இல்லாமல் தூங்கிப் பழக்கமே கிடையாது. அங்கே காது வலிக்கிற அளவுக்கு அமைதி. நடு ராத்திரியில் தலைமாட்டில் கரக், கரக் என்று ஏதோ. ஜிப்பை நாலு விரல் இறக்கிப் பார்த்தால், அங்கே சுற்றுகிற மட்டக்குதிரை ஒன்று கூடாரத்துக் கயிற்றுக்குப் பக்கத்தில் புல்லைப் பிடுங்கித் தின்றுகொண்டிருக்கிறது, மூக்கிலிருந்து ஆவி வருகிறது. அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டேன். அந்த ஒரு ராத்திரிக்காக இன்னும் எத்தனை மேடு வேண்டுமானாலும் மிதிப்பேன்.

நீங்கள் செப்டம்பரில் இறங்கியதுமே கிளம்பாதீர்கள். பகல் வேகமாகக் குறைகிற காலம் அது. குளிர்காலத்தில் பகலில் மட்டும் ஓட்டிப் பாதையைப் பழகுங்கள், மே கடைசியிலோ ஜூனிலோ தங்கலாம்.

கேள்வி: என் பையன் இங்கிலாந்தில் டார்ட்மூரில் தனியாகக் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறேன் என்கிறான். வேண்டாம் என்றால் சொல்லாமல் போய்விடுவானோ என்று பயமாக இருக்கிறது. நான் என்ன கேட்க வேண்டும்?
– வாசகி, திருவொற்றியூர்

பதில்: அம்மா, உங்கள் பயம் நியாயமானது. வேண்டாம் என்று சொல்லாதீர்கள், எழுதிக் கொடு என்று கேளுங்கள். எந்த ஸ்டேஷனில் இறங்குகிறான், எந்தப் பாதை, எங்கே தங்குகிறான், எத்தனை மணிக்குத் திரும்புகிறான். ஒரு பிரதி உங்களிடம், இன்னொன்று அங்கேயே இருக்கிற ஒரு நண்பனிடம். அந்த நண்பன்தான் முக்கியம், ஏனென்றால் மேட்டில் பல இடங்களில் செல்போன் சிக்னல் கிடைக்காது, அந்த நாட்டு அவசர உதவி எண்ணான 999க்கு இங்கிருந்து நீங்கள் அடிக்கவும் முடியாது. கோடையில் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். ‘அங்கே பகல் 12க்குள் என் மெசேஜ் வரவில்லை என்றால் போலீஸைக் கூப்பிட்டு, மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்’ என்று நண்பனிடம் சொல்லி வைக்கட்டும். உங்களுக்கு அது மாலை நாலரை, அதுவரை போன் வரவில்லையே என்று தவிக்க வேண்டாம்.

அவன் போனில் 999க்கு ‘ரெஜிஸ்டர்’ என்று ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ் அனுப்பி முன்கூட்டியே பதிந்துகொண்டால், பேச முடியாத அளவுக்குச் சிக்னல் குறைவாக இருந்தாலும் குறுஞ்செய்தியில் உதவி கேட்கலாம். ஒரு விசில் கழுத்தில் இருக்கட்டும்: நிமிஷத்துக்கு ஆறு ஊதல், ஒரு நிமிஷம் நிறுத்தம், மறுபடி ஆறு. திரும்பியதும் முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு எல்லாம் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சில வாரங்களுக்குள் கடித்த இடத்தைச் சுற்றி வட்டமாகச் சிவந்தால் டாக்டரிடம் போக வேண்டும், உண்ணிக் கடியால் வரும் லைம் நோய் பெரும்பாலும் அப்படித்தான் ஆரம்பிக்கும்.

இதையெல்லாம் எழுதிக் கொடுக்கிற பையனை நம்பி அனுப்பலாம்.

கேள்வி: டயர் எப்படி இருக்க வேண்டும்?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: பட்டன் வைத்த அகல டயர். சாலையில் அடிக்கிற அளவுக்குக் காற்றை இறுக்கமாக அடிக்காதீர்கள், கல்லில் துள்ளும். இரண்டு டியூப், கைப் பம்பு, செயின் கோக்கிற கருவி. அவ்வளவுதான்.

கேள்வி: எனக்கு வெளிநாட்டு யோகமெல்லாம் இல்லை. பழவேற்காடு வரை சைக்கிளில் போய், ஏரிக்கரையில் கூடாரம் போட்டால் என்ன?
– வாசகர், மீஞ்சூர்

பதில்: சைக்கிளில் போங்கள், கூடாரம் வேண்டாம். அது பறவைகள் சரணாலயம், ராத்திரியில் நாம் டார்ச் அடித்துக்கொண்டு திரிந்தால் ஓய்வெடுக்கிற பறவைகள் கலைந்துபோகும். காட்டுக்குள்ளும் வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் போன உயிர்களை நாம் மறக்கக் கூடாது. 2024இல் வனத்துறை வழிகாட்டியோடு 40 நடைபாதைகளைத் திறந்திருக்கிறது, நம் திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகையும் அதில் உண்டு.

ஆனால் ஒத்திகைக்கு உங்கள் ஊர்ப்பக்கமே போதும். விடியற்காலை நாலரைக்கு, லாரிகள் நிறையும் முன், முழுச் சுமையோடு பொன்னேரி வழியாகப் பழவேற்காடு போய் டச்சுக்காரர் கல்லறைகளைப் பார்த்துவிட்டு வெயிலுக்கு முன் திரும்புங்கள். எந்தக் கட்டு தளர்கிறது, எந்தப் பை பெடலில் உரசுகிறது என்பது அந்த ஒரே பயணத்தில் தெரிந்துவிடும். அன்றைக்குச் சாயங்காலம் கடல்காற்று அடிக்கும்போது மொட்டை மாடியில் கூடாரத்தைக் கட்டிப் பாருங்கள். சிமென்ட் தரையில் ஆணி இறங்காது, நாலு மூலையிலும் தண்ணீர் நிரப்பிய கேன்களில் கயிற்றைக் கட்டுங்கள். காற்று வருகிற பக்கம் வாசல் இருக்கக் கூடாது, அந்தப் பக்கத்து மூலையைத்தான் முதலில் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் துணி பட்டம்போலக் கையைவிட்டுப் போய்விடும். விளக்கை அணைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, மறுபடி கட்டுங்கள். பத்து நிமிஷத்துக்குள் வரும்வரை தினமும் ஒரு தடவை.