ஆன்லைனில் டயர் 2,440 ரூபாய் குறைவு: வாங்கலாமா?

கேள்வி: கரூரில் தனியார் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். 2019-ல் வாங்கிய பலேனோ, 44,000 கி.மீ. ஓடிவிட்டது. மாதத்துக்கு 600 கி.மீ. போல ஓட்டுவேன். நான்கு டயரும் மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொல்கிறார். 185/65 ஆர் 15 அளவு டயர், ஆன்லைனில் ஒன்று ரூ. 4,990, வீட்டுக்கே வந்துவிடும், ஆறு மாத ‘நோ காஸ்ட்’ இஎம்ஐ-யும் உண்டு. அதே கம்பெனி, அதே மாடலுக்கு ஊரில் உள்ள கடையில் ஃபிட்டிங், பேலன்சிங், அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து ரூ. 5,600 கேட்கிறார்கள். பில் வேண்டாம் என்றால் ரூ. 5,100-க்குத் தருவதாகவும் சொல்கிறார் கடைக்காரர். வங்கியில் 35,000 ரூபாய் சேமிப்பு இருக்கிறது, அதைத் தொட மனமில்லை. எதைத் தேர்ந்தெடுப்பது? இரண்டு டயர் மட்டும் இப்போது மாற்றினால் போதுமா?

பதில்: ஊர்க்கடையிலேயே வாங்குங்கள். பில்லோடு வாங்குங்கள். பணத்தைச் சேமிப்பிலிருந்தே கொடுங்கள். ஏன் என்பதை உங்கள் எண்களை வைத்தே பார்ப்போம்.

நான்கு டயருக்கு ஆன்லைனில் ரூ. 19,960, கடையில் ரூ. 22,400. வித்தியாசம் ரூ. 2,440. பார்த்தவுடன் கண்ணை இழுக்கும் தொகைதான். ஆனால் கூரியரில் வருவது வெறும் டயர். அதை ரிம்மில் ஏற்றி, காரில் மாட்டி, நேராக ஓட வைப்பதற்கான செலவு இன்னும் பாக்கி. ஃபிட்டிங் ஒரு டயருக்கு 100, பேலன்சிங் (சக்கரம் அதிராமல் சுழல எடையைச் சரிசெய்வது) 150, புது வால்வு 50, மொத்தமாக அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) 500 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். இதுவே ரூ. 1,700. வெளியில் வாங்கி வந்த டயர் என்றால் சில கடைகளில் கூலியை ஏற்றிச் சொல்வார்கள், சில கடைகளில் மாட்டவே மாட்டேன் என்பார்கள். டயரைக் கடைக்குக் கொண்டுபோக ஆட்டோ ஒரு 200. இஎம்ஐ-க்கு பிராசசிங் கட்டணம் 199 என்றால், 18% ஜிஎஸ்டி சேர்ந்து ரூ. 235. ஆக மொத்தம் ரூ. 22,095 ஆகிவிட்டது. ஊர்க்கடையிலோ, புதிதை மாட்டும்போதே பழைய டயரை எடுத்துக்கொண்டு ஒன்றுக்கு நூறு, நூற்றைம்பது கழிப்பது பல இடங்களில் வழக்கம். உங்கள் கடையிலும் கேளுங்கள். 150 கழித்தால் ரூ. 21,800-தான் வரும்.

டயர் விலை என்றால் கார் சாலையில் இறங்கும்போது உங்கள் கையிலிருந்து போயிருக்கும் மொத்தத் தொகை. திரையில் தெரியும் 4,990 அதில் ஒரு பகுதி மட்டும்.

ஆன்லைன் என்று சொன்னாலும் அதில் இரண்டு வகை உண்டு. நீங்கள் பார்த்தது பொதுவான விற்பனைத் தளம், பொருளை வீட்டுக்கு அனுப்பும். டயர் கம்பெனிகளின் சொந்தத் தளங்கள் சிலவற்றிலும், டயருக்கென்றே உள்ள தளங்களிலும் பணம் கட்டிவிட்டு அருகிலுள்ள டீலரிடம் போய் மாட்டிக்கொள்ளலாம். அதில் ஃபிட்டிங்கும் சேர்ந்திருந்து, மொத்தமும் ரூ. 21,500-க்குக் கீழே வந்தால் தாராளமாக அதை எடுங்கள். பின்னால் பிரச்சினை என்று போய் நிற்க ஒரு கடை இருக்கும் என்பதுதான் அதில் எனக்குப் பிடித்தது. கரூர் கடைகளில் கிடைக்காத மாடலோ அளவோ தேவைப்படுகிறவர்களுக்கும் ஆன்லைன் நல்ல வழிதான்.

விலையைவிட நான் அதிகம் கவலைப்படுவது தயாரிப்புத் தேதியைப் பற்றி. டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் குறியீட்டின் முடிவில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 1425 என்றால் 2025-ம் ஆண்டின் 14-வது வாரத்தில் தயாரானது. சில டயர்களில் இது ஒரு பக்கத்தில் மட்டுமே முழுதாக இருக்கும், புரட்டிப் பாருங்கள். ஓடாமல் கிடங்கில் கிடந்தாலும் ரப்பருக்கு வயதாகும். வாரண்டியைத் தயாரிப்புத் தேதியிலிருந்து கணக்கிடும் கம்பெனிகளும் உண்டு. இரண்டு வருடம் கிடந்த டயரை 10% தள்ளுபடியில் வாங்கினால் லாபம் யாருக்கு என்று யோசியுங்கள். கடையில் டயரைப் பார்த்து, ஆறு மாதத்துக்குள் தயாரானதாகக் கேட்டு வாங்கலாம். கூரியரில் எது வருகிறதோ அதுதான். அப்படியும் ஆன்லைனில்தான் வாங்குகிறீர்கள் என்றால், தேதி, அளவு, ஐஎஸ்ஐ முத்திரை மூன்றையும் பார்த்துப் படம் எடுத்த பிறகே மாட்டுங்கள். ரிம்மில் ஏற்றிய டயரைத் திருப்பி எடுக்கச் சொல்வது மிகவும் சிரமம்.

அளவுக்குப் பின்னால் வரும் 88 எச் போன்ற குறியையும் விட்டுவிடாதீர்கள். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ வரை தாங்கும். எச் என்றால் மணிக்கு 210 கி.மீ. வரைக்குமானது. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரிலோ கார் கையேட்டிலோ உங்கள் காருக்கு உரியது இருக்கும். அதைவிடக் குறைந்த குறியுள்ள டயர் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

அடுத்தது பில். பில் இல்லாமல் வாங்கினால் ரூ. 2,000 மிச்சம் என்று தோன்றும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வரி ஏய்ப்புக்குத் துணை போவது முதல் தப்பு. கார் டயருக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது; அந்தச் சலுகை விலையிலேயே உங்களுக்கு வந்து சேர வேண்டும், பில்லில் 18% என்று இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, பில் இல்லாத டயர் எட்டாம் மாதம் பக்கவாட்டில் புடைத்துக்கொண்டால் யாரிடம் போவீர்கள்? தயாரிப்புக் கோளாறு என்று கம்பெனி ஒப்புக்கொண்டால், பொதுவாகத் தேய்ந்த அளவுக்குக் கழித்துக்கொண்டு புது டயர் தருவார்கள். அதற்கு முதலில் கேட்கப்படுவது பில். அதில் கடையின் ஜிஎஸ்டி எண், டயரின் மாடல், நான்கு டயரின் வரிசை எண்கள், காரின் பதிவு எண் எல்லாம் எழுதி வாங்குங்கள். ஒரே ஒரு டயர் வீணானாலும் நீங்கள் மிச்சம் பிடித்த ரூ. 2,000 போல இரண்டரை மடங்குக்கு மேல் போய்விடும்.

இரண்டு மட்டும் மாற்றலாமா என்றால், உங்கள் விஷயத்தில் வேண்டாம். டயரின் மேல்பரப்பில் உள்ள பள்ளங்களுக்குள் 1.6 மி.மீ. உயரத்தில் தேய்மான அடையாளமாகச் சின்ன மேடு இருக்கும். டயர் அந்த மட்டத்துக்கு வந்தால் சட்டப்படியும் மாற்றியாக வேண்டும். உங்கள் பின் டயர்கள் இன்னும் அந்த மட்டத்துக்குத் தேயாமல் இருக்கலாம். ஆனாலும் கம்பெனியில் மாட்டி வந்த டயர் என்றால் ஆறு வருடத்தைத் தாண்டியிருக்கும். ரப்பர் இறுகி, மழையில் பிடிப்பு குறைந்திருக்கும். வயது குறைந்த டயராக இருந்தால் இரண்டு மாற்றுவதை நானே சொல்லியிருப்பேன். அப்படி மாற்றும் மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: புது ஜோடியைப் பின்னால் மாட்டுங்கள். ஈரச் சாலையில் முன்பக்கம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்க ஓரளவு வழி உண்டு, பின்பக்கம் வழுக்கினால் கார் சுழன்றுவிடும்.

‘நோ காஸ்ட்’ இஎம்ஐ பற்றியும் சொல்லிவிடுகிறேன். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்பதை ரிசர்வ் வங்கியே 2013-ல் வங்கிகளுக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டது. வட்டிக்குச் சமமான தொகையை விலையில் தள்ளுபடியாகக் காட்டுவார்கள். ஆனால் அந்த வட்டியின் மீதான 18% ஜிஎஸ்டி உங்கள் கார்டில்தான் ஏறும். ஆண்டுக்கு 16% வட்டி என்று வைத்தால் ஆறு மாதத்தில் இது சுமார் 160 ரூபாய். பிராசசிங் கட்டணத்தோடு சேர்த்தால் ஏறக்குறைய ரூ. 395. அந்தப் பணத்தைச் சேமிப்புக் கணக்கில் வைத்துக்கொண்டு தவணை கட்டினால் 2.5% வட்டியில் உங்களுக்குக் கிடைப்பது 150 ரூபாயைத் தாண்டாது. ஒரு மாதம் பில் கட்டத் தவறினால், கார்டு வட்டி ஆண்டுக்கு 40 சதவீதத்துக்கு மேல் போகும். சேமிப்பைத் தொட மனமில்லை என்கிறீர்கள், புரிகிறது. ஆனால் குடும்பத்தோடு போகும் காரின் டயருக்குத் தராமல் அதை வேறு எதற்கு வைத்திருப்பீர்கள்? எடுத்தாலும் 12,600 ரூபாய்க்குக் குறையாமல் மிஞ்சும்.

கடைக்குப் போகும்போது ஆன்லைன் விலையைப் போனில் எடுத்துக்கொண்டு போங்கள். வெறும் டயர் விலையோடு ஒப்பிட்டுச் சண்டை போடாமல், “எல்லாம் சேர்த்து, பில்லோடு, பழசு கழித்து 21,500-க்கு முடித்துக் கொடுங்கள்” என்று கேளுங்கள். நான்கு டயர் ஒன்றாக எடுக்கும் ஆளுக்கு நூறு இருநூறு குறைக்காத கடை அபூர்வம். அலைன்மென்ட் அறிக்கையை அச்செடுத்துக் கேளுங்கள். இலவசம் என்று சொல்லிவிட்டு அதை மேலோட்டமாக முடித்தால் டயரின் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்து, 45,000 கி.மீ. ஓட வேண்டியது பாதியிலேயே போய்விடும்.

22,000 ரூபாயை 45,000 கி.மீ.-க்குப் பிரித்தால் கிலோமீட்டருக்கு 49 காசு. நீங்கள் ஓட்டும் 600 கி.மீ.-க்கு மாதம் 294 ரூபாய். அடுத்த மாதத்திலிருந்து 300 ரூபாய்க்கு வங்கியில் ஒரு ஆர்.டி. போடுங்கள். ஐந்து வருடத்தில் கட்டிய தொகையே 18,000 ஆகியிருக்கும், வட்டி தனி. அடுத்த செட் டயருக்குப் பெரும்பகுதி தயாராக இருக்கும்.