மச்சானுக்கு ஓ.டி.பி. அனுப்புவதை இன்றே நிறுத்துங்கள்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர், வயது 62. என் மனைவியின் தம்பி ஒரு பங்குத் தரகு நிறுவனத்தில் சப்-புரோக்கர். மாதம் 2% நிச்சயம் என்றார். ஏழு மாதம் முன்பு என் டிரேடிங் கணக்கில் 12 லட்சம் போட்டேன். பாஸ்வேர்டு அவரிடம். ஓ.டி.பி. வந்தால் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன். மாதம் 24,000 ஒழுங்காக வந்தது. இடையில் மார்ஜினுக்கு (வர்த்தகத்துக்குக் கட்டும் ஈட்டுத் தொகை) அவசரம் என்று கேட்டதால் 2 லட்சத்தை அவருடைய சொந்தக் கணக்குக்கு ஜிபே செய்தேன். கான்ட்ராக்ட் நோட்டை (தரகு நிறுவனம் அனுப்பும் வர்த்தக ரசீது) திறந்து பார்த்தால், ஏறக்குறைய தினமும் 20 லாட் (தொகுப்பு) ஆப்ஷன், அதாவது விலை ஏறுமா இறங்குமா என்பதை வைத்துப் போடும் ஒப்பந்தம், வாங்கி விற்றிருக்கிறார். லாட்டுக்கு 50 ரூபாய் புரோக்கரேஜ். இப்போது மிச்சம் 5.10 லட்சம். நகையை அடகு வைத்து 3 லட்சம் போட்டால் மீட்டுத் தருகிறேன் என்கிறார். “தம்பி ஏமாத்த மாட்டான்” என்கிறார் மனைவி. போடலாமா?

பதில்: போடாதீர்கள். நகை வீட்டிலேயே இருக்கட்டும்.

முதலில் கணக்கு. 20 லாட் வாங்கி விற்றால் 40 லாட்டுக்குப் புரோக்கரேஜ்: 2,000 ரூபாய். மாதம் 20 வர்த்தக நாள் என்றால் 40,000. அதன் மேல் 18% ஜிஎஸ்டி 7,200. ஆக 47,200. ஏழு மாதத்துக்கு 3.30 லட்சம். நீங்கள் போட்டது 12 லட்சம், திரும்ப வந்தது 1.68 லட்சம், மிச்சம் 5.10 லட்சம். தொலைந்தது 5.22 லட்சம். அதில் 3.30 லட்சம் புரோக்கரேஜும் அதன் வரியும் மட்டுமே. எஸ்டிடி (பங்குப் பரிவர்த்தனை வரி), முத்திரைக் கட்டணம் எல்லாம் தனி. உங்களுக்கு மாதம் 2% கிடைக்க வேண்டுமானால், புரோக்கரேஜுக்குப் போகும் சுமார் 4%-ஐயும் சேர்த்து அந்தக் கணக்கு மாதம் சுமார் 6% சம்பாதித்திருக்க வேண்டும். அது நடக்கவில்லை. கைக்கு வந்த 24,000 உங்கள் முதலிலிருந்தே எடுத்துக் கொடுக்கப்பட்டது.

உங்கள் மனைவி சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஏமாற்றும் எண்ணம் இல்லாதவரும் இந்த இடத்தில் உட்கார்ந்தால் இதைத்தான் செய்வார். ஒவ்வொரு ஆர்டரின் புரோக்கரேஜிலும் சப்-புரோக்கருக்குப் பங்கு உண்டு, உங்களுக்கு லாபமோ நஷ்டமோ. ஆப்ஷன் ஒன்றும் லேசான விஷயமில்லை: 2021-22 முதல் 2023-24 வரை எஃப் அண்ட் ஓ-வில் (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகம்) இறங்கிய தனிநபர்களில் 93% பேர் நஷ்டப்பட்டார்கள், சராசரி நஷ்டம் சுமார் 2 லட்சம் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் 2024 செப்டம்பர் ஆய்வு சொல்கிறது. ஓய்வூதியத்தில் வாழ்பவர் ‘மாத வருமானத்துக்கு’ என்று இதில் பணம் போடவே கூடாது.

ஆனால் உங்களை உண்மையில் மாட்டிவைத்திருப்பது ஆப்ஷன் அல்ல, அந்த ஓ.டி.பி.தான். சப்-புரோக்கர் தன் டெர்மினலில் உங்களுக்காக ஆர்டர் போட்டால், நீங்கள் சொன்னதற்கான ஆதாரம் (பதிவான ஃபோன் பேச்சு, மெயில், எஸ்எம்எஸ்) தரகு நிறுவனத்திடம் இருக்க வேண்டும். உங்கள் பாஸ்வேர்டில் நுழைந்து போட்டால் அது தேவையே இல்லை. அந்த லாகினே ஆதாரம். நாளை புகார் கொடுத்தால் “வாடிக்கையாளரே செய்த வர்த்தகம்” என்று ஒரே வரியில் பதில் வரும். பங்குகளை மார்ஜினுக்கு அடமானம் வைக்கவும் டெபாசிட்டரியிலிருந்து (டிமேட் பங்குகளைக் காக்கும் நிறுவனம்) உங்கள் மொபைலுக்கு ஓ.டி.பி. வரும். நீங்கள் அனுப்பியவற்றில் அதுவும் இருந்ததா என்று பழைய மெசேஜ்களைப் பாருங்கள். டிமேட்டில் பங்குகள் இருந்தால், எவை அடமானத்தில் இருக்கின்றன என்று இன்றே பாருங்கள்.

இன்று இரவே பாஸ்வேர்டையும் பின்னையும் மாற்றுங்கள். கணக்கில் பதிவான மொபைலும் மெயிலும் உங்களுடையவைதானா என்று பாருங்கள். சப்-புரோக்கரின் மெயிலைப் போட்டுவைப்பது அடிக்கடி நடக்கிறது. இன்னும் முடிக்கப்படாமல் திறந்திருக்கும் ஆப்ஷன் பொசிஷன் இருந்தால் தரகு நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தை அழைத்து, உங்கள் குரலில் மூடச் சொல்லுங்கள். பிறகு அவர்களுக்கே மெயில் அனுப்பி எஃப் அண்ட் ஓ பிரிவை நிறுத்தச் சொல்லுங்கள். டிடிபிஐ-யில் (டிமேட் பங்குகளை எடுக்கவும் அடமானம் வைக்கவும் தரகு நிறுவனத்துக்குத் தரும் அனுமதி) கையெழுத்துப் போட்டிருந்தால் ரத்து செய்யுங்கள். மீதிப் பணத்தை உங்கள் வங்கிக் கணக்குக்கு எடுத்துவிடுங்கள்.

அதே மெயிலில் முதல் நாளிலிருந்து லெட்ஜர் (வரவு செலவுப் பதிவு), கான்ட்ராக்ட் நோட்டுகள், ஆர்டர்கள் எந்த ஐபி முகவரியிலிருந்து போடப்பட்டன என்ற பதிவு, மூன்றையும் கேளுங்கள். நீங்கள் வீட்டில் இருந்த நேரத்து ஆர்டர்கள் எல்லாம் அவருடைய அலுவலக இணைப்பிலிருந்து போயிருந்தால், உங்கள் பக்கம் சொல்ல ஏதாவது இருக்கும். மச்சான் அனுப்பும் எக்செல் ஷீட்டும் ஸ்கிரீன்ஷாட்டும் எதற்கும் உதவாது.

புகார் முதலில் தரகு நிறுவனத்துக்கு. சரியான பதில் இல்லையென்றால் செபியின் ஸ்கோர்ஸ் என்ற புகார்த் தளம். 21 நாளுக்குள் நிறுவனம் பதில் சொல்ல வேண்டும். அதிலும் தீரவில்லையென்றால் ஸ்மார்ட் ஓடிஆர் என்ற ஆன்லைன் தகராறு தீர்வுத் தளம் வழியாகச் சமரசம். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். நிச்சய வருமானம் என்ற ஏற்பாடே தடைசெய்யப்பட்டது. அதை நம்பிப் போட்ட பணத்துக்குப் பங்குச் சந்தையின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதி உதவாது. முழுத் தொகையும் திரும்பும் என்று எண்ணாதீர்கள். புகாரில் எதையும் மறைக்கவும் வேண்டாம். பாஸ்வேர்டு கொடுத்ததையும் எழுதுங்கள், மறைத்தால் அதுவே உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

அந்த 2 லட்சம் தனிக் கதை. சப்-புரோக்கர் தன் பெயரில் வாடிக்கையாளர் பணம் வாங்கவே கூடாது. பணம் உங்கள் வங்கியிலிருந்து தரகு நிறுவனத்தின் கணக்குக்கு மட்டுமே போகலாம். லெட்ஜரில் அந்த 2 லட்சம் வரவு இல்லையென்றால், அது மச்சான் உங்களுக்குத் தர வேண்டிய கடன். மாமியார் வீட்டில் வைத்துப் பேசினால் “பாத்துக்கலாம் மாமா” என்பதோடு முடியும். ஜிபே ரசீதோடு, எந்தத் தேதிக்குள் எவ்வளவு தருவார் என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதில் தயங்காதீர்கள்.

மீட்டெடுத்த 5 லட்சத்தைத் தபால் அலுவலக மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடலாம். 8.2% என்று வைத்தால் மூன்று மாதத்துக்கு 10,250, மாதக் கணக்கில் சுமார் 3,400. 24,000-க்குப் பழகிய வீட்டுக்கு இது சிறிய தொகை. செலவை இந்த அளவுக்கு இறக்குவது பற்றி மனைவியோடு இந்த வாரமே உட்கார்ந்து பேசுங்கள், இந்தச் சேமிப்புத் திட்டக் கணக்கை அவரையும் சேர்த்துக் கூட்டாகவே தொடங்குங்கள்.