ஓப்பின் பேப்பரில் வாங்கிய லொறி: தகட்டை விடுங்கள், புத்தகத்தைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, ஒன்றரை வருடத்துக்கு முன்னர் குருநாகலில் பழைய கன்ரர் லொறி ஒன்று வாங்கினேன். பதிவுப் புத்தகம் கையில் இருக்கிறது. விற்றவர் வெற்றுப் படிவங்களில் கையெழுத்து மட்டும் போட்டு, ஓப்பின் பேப்பராகத் தந்தார். பெயர் இன்னும் மாற்றவில்லை. இடையில் எஞ்சின் போய்விட்டது, வேறு ஒன்று போட்டேன். அதற்காக ஐந்து மாதம் லொறி கராச்சில் நின்றது. அந்த நேரத்திலேயே வரிப்பத்திரமும் முடிந்துவிட்டது. பதிவு காலாவதியாகிவிட்டது, தகட்டில் இருக்கும் வடமேல் மாகாண எழுத்தை வட மாகாண எழுத்தாக மாற்றினால்தான் புதுப்பிக்கலாம் என்று வவுனியாவில் ஒரு புரோக்கர் சொல்கிறார். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்றேகால் இலட்சம் கேட்கிறார். பெரும்போக அறுவடைக்கு முதல் லொறி ஓட வேண்டும். என்ன செய்யலாம்? (வாசகர், ஒட்டுசுட்டான்)

பதில்: காசைக் கொடுத்துவிடாதீர்கள். அவர் சொன்ன இரண்டும் இல்லாத வேலைகள். இலங்கையில் லொறியின் பதிவு காலாவதியாவதில்லை. ஒருமுறை பதிந்தால், அதை நீக்கும்வரை அது பதிவுதான். வருடாவருடம் புதுப்பிப்பது வருமான அனுமதிப்பத்திரத்தை மட்டும். வரிப்பத்திரம் என்று சொல்லி முன் கண்ணாடியின் இடது பக்கத்தில் ஒட்டுகிறோமே, அதுதான். பதிவு, நாரஹேன்பிட்டியில் இருக்கும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் வேலை. வரிப்பத்திரம் மாகாணத்தின் வேலை, பிரதேச செயலகத்தில் கொடுக்கிறார்கள். இந்த இரண்டு வளவுக்கும் நடுவில் இருக்கும் வேலியில்தான் புரோக்கர்மார் குடியிருக்கிறார்கள்.

தகட்டு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். முன்பு உரிமையாளர் எந்த மாகாணமோ அந்த மாகாண எழுத்து தகட்டில் இருக்க வேண்டும் என்றிருந்தது. லொறி கைமாறினால் தகடும் மாற வேண்டும். காசும் போகும், மாதங்களும் போகும். 2023 முதல் அந்தக் கட்டாயம் இல்லை. உங்கள் பெயரில் புத்தகம் வந்தாலும் பழைய எழுத்தோடு லொறி தாராளமாக ஓடலாம். இத்தனை வருடம் எழுத்து மாற்றச் சொல்லி ஆட்களை அலைய விட்ட அதே அமைப்பு, 2025இல் புதிய வாகனங்களுக்குக் கொடுக்கவே தகடு இல்லாமல் நின்றது. தகடு தொலைந்தாலோ, இலக்கம் வாசிக்க முடியாமல் நசுங்கினாலோ மட்டும் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியோடு திணைக்களத்துக்கு விண்ணப்பியுங்கள். ஸ்டிக்கர் கடையில் அடிக்க வேண்டாம். முன்பக்கம் வெள்ளை, பின்பக்கம் மஞ்சள் என்று நிறம் சரியாக இருந்தாலும், அரச இலச்சினையும் பாதுகாப்பு அடையாளமும் இல்லாத தகட்டைப் பொலிஸ் போலித் தகடு என்றே பார்க்கும்.

உங்களுடைய உண்மையான முடிச்சு நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன எஞ்சின். புத்தகத்தில் இருப்பது பழைய எஞ்சினின் இலக்கம். தகுதிச் சான்றிதழ் கொடுப்பவரும் பெயர் மாற்றுபவரும் புத்தகத்தையும் லொறியையும் ஒப்பிட்டுத்தான் பார்ப்பார்கள். இலக்கம் பொருந்தாவிட்டால் மற்ற எந்தத் தாளும் நகராது. எஞ்சின் மாற்றத்தைத் திணைக்களத்தில் அறிவித்துப் புத்தகத்தைத் திருத்த வேண்டும். அதற்கு எஞ்சின் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள். இறக்குமதி செய்த எஞ்சின் என்றால் எஞ்சின் இலக்கம் எழுதிய பில்லும் சுங்கத் தாளின் பிரதியும் வேண்டும். வேறு லொறியில் இருந்து கழற்றியது என்றால் அந்த லொறியின் புத்தகப் பிரதியும் உரிமையாளரின் கடிதமும். வன்னியில் பாதி எஞ்சின்கள் பழைய இரும்புக் கடையில் கைக்காசுக்கு வாங்கியவை. பில் என்றால் கடைக்காரர் சிரிப்பார். உங்களுக்கும் அப்படித்தான் என்றால் இன்றைக்கே போய், இலக்கம் எழுதி, அவருடைய அடையாள அட்டை இலக்கமும் போட்டு பில் வாங்குங்கள். தர மறுத்தால் அந்த எஞ்சினைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு பாருங்கள். களவுபோன லொறியின் எஞ்சினாக இருந்தால் பொலிஸ் வந்து நிற்பது கடை வாசலில் அல்ல, உங்கள் வாசலில்.

போட்ட எஞ்சின் அதே மாதிரிதானா என்றும் பாருங்கள். கன்ரரில் 4டி32 இருந்த இடத்தில் 4டி33 போடுவது இங்கே சாதாரணம். இழுவை நன்றாக இருக்கும்தான். ஆனால் கொள்ளளவு 3567 சிசியிலிருந்து 4214 சிசிக்குப் போய்விடும். புத்தகத்தில் இலக்கத்தோடு கொள்ளளவும் மாற வேண்டும், பரிசோதனையும் கூடும். இன்னொன்று: புளொக்கில் அடித்திருக்கும் இலக்கம் எண்ணெயும் கறளும் பிடித்துத் தெரியாவிட்டால் டீசலும் கம்பித் தூரிகையும் போதும். கிரைண்டர் வைக்காதீர்கள். அந்தக் கீறல் ஒன்று போதும், இலக்கத்தை வெட்டியிருக்கிறார்கள் என்று எழுதிவிடுவார்கள். துப்புரவாக்கிய பிறகு மேலே மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு பிரதி எடுங்கள். செசி இலக்கத்துக்கும் அப்படியே. இரண்டையும் புத்தகத்தோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள்.

அடுத்தது, லொறி கராச்சில் நின்ற ஐந்து மாதம். ஓடாத லொறிக்கு என்ன வரி என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, ஓடாத காலத்துக்கு விலக்கும் உண்டு. ஆனால் அது கேட்டு வாங்கும் விலக்கு, தானாக வராது. பதிவில் இருக்கும் வாகனம் ஓடுகிறது என்றுதான் அரசாங்கம் எடுத்துக்கொள்ளும். ஓடவில்லை என்றால், வரிப்பத்திரம் முடிவதற்கு முன்னரே, வாகனம் பாவனையில் இல்லை என்று எழுத்தில் அறிவித்திருக்க வேண்டும். நீங்கள் அறிவிக்கவில்லை. இப்போது கராச்காரரின் கடிதம், எஞ்சின் இறக்கிய படம், கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் என்று எதைக் கொண்டுபோனாலும் அந்த ஐந்து மாதமும் பாக்கிதான், தாமதக் கட்டணமும் சேரும். கிராம அலுவலரிடம் கடிதம் எடுத்து அதைக் கழிப்பேன் என்று எந்தப் புரோக்கராவது சொன்னால், அந்தக் கடிதத்துக்கு ஒரு விலை போடப் போகிறார் என்று அர்த்தம்.

அடுத்த தடவை இப்படிச் செய்யுங்கள். லொறி நீண்ட நாள் நிற்கப் போகிறது என்று தெரிந்த உடனே, வரிப்பத்திரம் செல்லுபடியாகும் காலத்துக்குள், எங்கே நிற்கும், ஏன் நிற்கும் என்று எழுதிக் கொடுத்து, முத்திரை குத்திய பிரதியை வாங்கி வையுங்கள். அறிவித்த பிறகு வண்டியைத் தெருவில் இறக்கக் கூடாது. பக்கத்துக் கராச்சுக்குத்தானே என்று ஓட்டிக்கொண்டு போய் மாங்குளம் சந்தியில் மறிபட்டால், அறிவித்ததும் போச்சு, வழக்கும் வந்தது. சொன்ன காலம் முடிந்தும் லொறி எழும்பவில்லை என்றால் மறுபடியும் அறிவிக்க வேண்டும். ஒரு தடவை கொடுத்த கடிதம் ஆயுளுக்கும் என்று நினைத்து, வயல்கரையில் வருடக்கணக்காக லொறியை விட்டுவிட்டுப் பிறகு பாக்கித் தொகையைக் கேட்டுத் தலையில் கைவைப்பவர்கள் இங்கே கொஞ்சப் பேர் அல்ல. (2009இல் எரிந்துபோன லொறிகளின் புத்தகம் வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது. அது பதிவு நீக்கும் வேலை. அந்தப் புத்தகத்தை மட்டும் யாராவது விலை பேசினால் பக்கத்திலும் போகாதீர்கள். அந்த இலக்கத்தை வேறு செசியில் அடிக்கத்தான் கேட்கிறார்கள்.)

பெயர் மாற்றத்துக்கு விற்றவர் கொடுப்பது எம்.டி.ஏ. 6 படிவம், வாங்கியவர் கொடுப்பது எம்.டி.ஏ. 8. கைமாறி 14 நாளுக்குள் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். நீங்கள் எப்போதோ தாண்டிவிட்டீர்கள், தாமதத்துக்குக் கட்ட வேண்டியிருக்கும். ஓப்பின் பேப்பர் என்று நாம் சொல்லும் அந்த வெற்றுக் கையெழுத்துத் தாள்களை நம்பி இருக்காதீர்கள். விற்றவர் காலமாகிவிட்டாலோ வெளிநாடு போய்விட்டாலோ அவை வெறும் தாள்தான். அவரை உடனே தொலைபேசியில் பிடியுங்கள். அவர் இழுத்தடித்தால் ஒன்றைச் சொல்லுங்கள்: லொறி யாரையாவது அடித்தால் பொலிஸ் முதலில் தேடுவது புத்தகத்தில் இருக்கும் பெயரைத்தான். அதற்குப் பிறகு இழுக்க மாட்டார். இருவரின் அடையாள அட்டைப் பிரதிகளும் மூலப் புத்தகமும் வேண்டும். உங்களுக்கு வரி அடையாள இலக்கமும் வேண்டும். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் இணையதளத்தில் காசில்லாமல் எடுக்கலாம், அதற்கும் இரண்டாயிரம் மூவாயிரம் கேட்கும் ஆட்கள் இருக்கிறார்கள். புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருக்கிறதா என்று இன்றிரவே பாருங்கள். இருந்தால் கடன் முடிந்தது என்ற கடிதத்தோடு அந்தப் பெயரை நீக்கும்வரை உங்கள் பெயர் ஏறாது. நாரஹேன்பிட்டிக்கு நேரம் பதிவு செய்துகொண்டு போங்கள். ஒட்டுசுட்டானில் இருந்து இரவு பஸ் ஏறி விடியப் போய் நின்று, ஒரு பிரதி குறைவு என்று திரும்பி வருவது இந்த நாட்டில் புதினம் இல்லை. ஒவ்வொரு தாளிலும் மூன்று பிரதி கொண்டு போங்கள்.

புத்தகத்தில் முகவரி மாறும்வரை உங்கள் லொறி வடமேல் மாகாணத்தின் கணக்கில்தான் நிற்கும், பாக்கியும் அங்கேதான். ஆகவே எஞ்சின் இலக்கத்தை முதலில் திருத்திவிட்டு, பெயரையும் வரிப்பத்திரத்தையும் பாருங்கள். இணையவழியில் எடுக்கும் வசதி இருந்தாலும், பாக்கியும் பெயர் மாற்றமும் உள்ள லொறிக்கு இந்த முதல் தடவை கருமபீடத்துக்கு நேரே போவதே நல்லது.

வரிப்பத்திரத்துக்குத் தகுதிச் சான்றிதழ், புகைச் சான்றிதழ், காப்புறுதி, பழைய வரிப்பத்திரம், புத்தகம் ஆகியவை வேண்டும். தகுதிச் சான்றிதழுக்குத் திணைக்களம் அங்கீகரித்த கராச்சுக்கே போங்கள். பிரேக், கைப்பிரேக், ஸ்டியரிங் ஆட்டம், கிங்பின், வில்லுத் தகடு, டயர், லைட், வைப்பர் எல்லாம் பார்ப்பார்கள். வண்டியைக் கொண்டுபோகாமலே சான்றிதழ் எடுத்துத் தருகிறேன் என்பவரை நம்பினால், விபத்து நடந்த அன்று அந்தத் தாளும் உதவாது, காப்புறுதிக் கம்பனியும் கையை விரிக்கும்.

புகைப் பரிசோதனையில்தான் கன்ரர்கள் கூடுதலாக விழுகின்றன. லோட் இல்லாமல் எஞ்சினை முழு வேகத்துக்கு முறுக்கி, சைலன்சர் வாயில் குழாய் விட்டு, புகை எவ்வளவு அடர்த்தி என்று அளப்பார்கள். ஒருமுறை அல்ல, சில தடவை. குளிர்ந்த எஞ்சின் கூடுதலாகப் புகை கக்கும், ஆகவே 20 நிமிடமாவது ஓட்டிச் சூடாக்கிக்கொண்டே உள்ளே போங்கள். எயர் ஃபில்டர் நம் கிரவல் ரோட்டில் ஒரு சீசனிலேயே அடைபட்டுவிடும். ஊதிப் போடாமல் புதிதாக மாற்றுங்கள். அதற்குப் பிறகும் கறுப்பு என்றால் இன்ஜெக்டர் நொசிலைக் கழற்றி அமுக்கம் பார்க்க வேண்டும், பிறகு பம்பின் டைமிங். நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. நொசில் மாற்றுவதில் பிரயோசனம் இல்லை. பரிசோதனைக்காக மட்டும் டீசல் பம்பின் திருகைக் குறைத்துத் தருகிறோம் என்பார்கள். சான்றிதழ் வரும், நெல்லு மூட்டை ஏற்றினால் லொறி ஏறாது, பிறகு யாரோ ஒருவர் அளவில்லாமல் திருகிவிடுவார், அடுத்த வருடம் இன்னும் மோசம். எஞ்சினை முழு வேகத்துக்கு முறுக்குவார்கள் என்பதால் எண்ணெய் மட்டத்தையும் பெல்ட்டையும் முன்னரே பாருங்கள்.

காப்புறுதியில் ஒரு விஷயம். மூன்றாம் தரப்புக் காப்புறுதி இருந்தாலே வரிப்பத்திரம் கிடைக்கும். ஆனால் பத்திரத்தில் சொந்தப் பொருள் ஏற்ற என்று இருக்கிறதா, வாடகைக்கு என்று இருக்கிறதா என்று வாசியுங்கள். அடுத்தவரின் நெல்லைக் காசுக்கு ஏற்றப் போகிறீர்கள் என்றால் வாடகைக்கு என்றே இருக்க வேண்டும். கட்டணம் கொஞ்சம் கூடும், கட்டிவிடுங்கள்.

அறுவடை முடிந்து மணல், கிரவல் ஏற்றும் எண்ணம் இருந்தால், அதற்கான போக்குவரத்து அனுமதி புவிச்சரிதவியல், சுரங்கப் பணியகத்தின் வேறு தாள். வரிப்பத்திரம் அதற்குப் பதிலாகாது. அந்த அனுமதியில் லொறியின் இலக்கம் எழுதப்படும், ஆகவே புத்தகம் உங்கள் பெயருக்கு வந்த பிறகே அதற்கு விண்ணப்பியுங்கள்.